மூன்று விரலுக்கு நான்கு ஸ்வரம்

இது எனக்கு நடந்தது. போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று சொல்பவர்கள் ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஜன்னல் கிடையாது. கதவை மூடினால் வெளிச் சத்தம் துளியும் வராது. உள்ளே எந்நேரமும் ராத்திரிதான்.

என் பெயர் பாலு. கீபோர்டு வாசிப்பவன். சாதாரண ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். சமீபத்தில் ஒரு போலீஸ் வெப் சீரிஸ் வந்ததே, அதில் பெயர் போடும்போது ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்குமே... டுக், டுக், டுக் என்று மூன்று ஏறி, நான்காவது மட்டும் கொஞ்சம் தள்ளி, யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி... அது நான் போட்டது. உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் அதை ரிங்டோனாக வைத்திருப்பார்கள்.

பெருமை அடிக்கிறான் என்று நினைக்கிறீர்கள். அடிக்கிறேன். அடிக்காமல் இருக்க முடியாத நிலைமை.

விஷயத்துக்கு வருகிறேன். பிரபு சார் மியூசிக் டைரக்டர். விளம்பரம், சீரியல், வெப் சீரிஸ் எல்லாம் செய்வார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தைச் சுவர் எழுப்பி ஸ்டுடியோ ஆக்கியிருக்கிறார். நான் பிறந்த வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆற்றோரம். இப்போது அங்கே கம்பி வேலி போட்டு, எங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பிறந்த இடத்துக்கு இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறேன்.

சஃப்வான் ஸ்கூட்டரில் வருவான். கச்சேரி ரோடு பையன். அவன் அப்பாவுக்கு அங்கே சோபாவுக்கு உறை தைக்கிற கடை. பிரபு சாருக்கு முதல் கீபோர்டு அவன்தான். நான் எப்போது? அவனுக்குக் காய்ச்சல் வந்தால். அவன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால். அவன் நன்றாக இருக்கிற நாளெல்லாம் நான் ஹெட்போன் சிக்கெடுத்துக்கொண்டு இருப்பேன். டைட்டிலில் அவன் பெயர் வரும். என் அம்மா முத்தம்மா ஒவ்வொரு தடவையும் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

"உன் பேர காணோமே நைனா?"

வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அதுவும் எதற்காக அவனுக்கு அந்தப் பெயர்? ஒரே ஒரு வித்தைக்காக. சின்தசைசரில் ஆர்பெஜியேட்டர் என்று ஒன்று உண்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று கீயை அழுத்திப் பிடித்தால் போதும். மெஷினே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, தாளம் பிசகாமல், திரும்பத் திரும்ப வாசிக்கும். நாம் எந்த வரிசையில் அழுத்தினோமோ அந்த வரிசையில் போகச் சொல்லியும் வைக்கலாம். கையை எடுத்தால் நின்றுவிடும். ஹோல்ட் பட்டனைப் போட்டிருந்தால் மட்டும், கையை எடுத்தாலும் ஓடும். அவ்வளவுதான் சங்கதி. மூன்று கீ பிடித்தால் மூன்று ஸ்வரம், நான்கு பிடித்தால் நான்கு.

சஃப்வான் மூன்று பிடிப்பான். நான்கு கேட்கும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். அவை மூன்றும் கீழே. மோதிர விரலை மட்டும், ஓட்டுப் போட்ட மையைக் காட்டுகிறவன் மாதிரி, விறைப்பாகத் தூக்கி வைத்திருப்பான். ஸ்டைலாம். டுக், டுக், டுக்... டிங். அந்த 'டிங்' எங்கிருந்து வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வேன். எல்லாரும் சொக்கிப் போவதும் அந்த ஒரு 'டிங்'குக்குத்தான்.

ஒருநாள் டீக்கடையில் கேட்டே விட்டேன்.

"நாலாவது எங்கேர்ந்து வருது?"

"தெரில மச்சி. வருது."

"சொல்லமாட்ட. தொழில் ரகசியம்."

"நெஜமா தெரில."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உம்மேல எனக்கு செம காண்டு, தெரியுமா? உன் கைய பார்த்தாலே எரியுது" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நெஜமாவா? சத்தியமா சொல்றியா?"

"சத்தியமாதான்."

அன்றைக்கு எனக்கு மட்டன் சமோசா வாங்கித் தந்தான். லூசுப்பயல் என்று நினைத்துக்கொண்டேன். அவன் எப்போதுமே ஒரு மாதிரிதான். பிரியாணியை ஸ்பூனில் சாப்பிடுகிற ஒரே கச்சேரி ரோட்டுக்காரன் இவன்தான் என்று ஸ்டுடியோவே கிண்டல் செய்யும்.

அதற்குப் பிறகு அவன் அலட்டல் தாங்க முடியவில்லை. தினமும் எனக்கு ஒரு வீடியோ அனுப்புவான். முகம் இருக்காது, கை மட்டும். மூன்று விரல் கீழே, ஒன்று மேலே. 'எப்டி மச்சி?' என்று கீழே ஒரு வரி. வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்தவனுக்கு என்ன ஆனது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

அப்போதுதான் அந்த போலீஸ் சீரிஸ் வந்தது. பிரபு சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஆளுக்கு ஒரு பேட்டர்ன் போட்டு வெள்ளிக்கிழமை குடுங்க. எது நல்லா இருக்கோ, அவங்கதான் இனிமே என் டீம். பர்மனென்ட்."

எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. தவறினால் ஆயுசுக்கும் ஹெட்போன் சிக்கெடுக்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் ரூம் சஃப்வானுக்கு ஒதுக்கியிருந்தது. அவனே வந்து சாவியை என் கையில் வைத்தான்.

"நீ எடுத்துக்கோ மச்சி."

"அப்ப நீ?"

"நான் எதுவும் குடுக்கப் போறதில்ல."

தர்மம் பண்ணுகிறானாம்! எனக்கு அதற்கும் எரிந்தது. கதவு வரைக்கும் போனவன் திரும்பிப் பார்த்தான். என் முகத்தை இல்லை, என் வலது கையை.

"சாரி மச்சி."

"எதுக்கு?"

"சும்மா."

கதவு சாத்திக்கொண்டது. பஞ்சு வைத்த கனமான கதவு. 'தப்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை.

மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். ஏற்றம், இறக்கம், வேகம், நிதானம். நான்கு விரல், ஐந்து விரல். எல்லாமே கல்யாண மண்டப வாசலில் ஓடுகிற சீரியல் லைட் மாதிரி இருந்தது. ஓடுகிறது, அணைகிறது, மறுபடி ஓடுகிறது. உயிர் இல்லை. காதுக்குள் சஃப்வானுடைய 'டிங்' மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

கம்ப்யூட்டர் மூலையில் 4:10.

சனியனே என்று, அவன் செய்வதைப் போலவே செய்தேன். வரிசைப்படி வாசிக்கச் சொல்லி வைத்தேன். ஹோல்ட் பட்டனை அணைத்தேன். கட்டைவிரல். ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரலை விறைப்பாகத் தூக்கினேன், அவனைக் கேலி செய்கிற மாதிரி.

டுக். டுக். டுக்.

டுக். டுக். டுக்.

மூன்றுதான். அதானே பார்த்தேன் என்று சிரித்துக்கொண்டேன். கையை எடுக்கத்தான் போனேன். அப்போது ஏசி நின்றது. கரன்ட் போகவில்லை. திரை எரிகிறது, சின்தசைசர் ஓடுகிறது. ஏசியின் முனகல் மட்டும் நின்றுவிட்டது. ஆனால் அறை சூடாகவில்லை. முன்பைவிடக் குளிர்ந்தது.

டுக். டுக். டுக்...

டிங்.

குனிந்து பார்த்தேன். என் மோதிர விரல் மேலேதான் இருக்கிறது. அதற்கு நேர் கீழே இருந்த கீ, லேசாக, ஒரு நூல் அளவுக்கு இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுதாக இறங்கியது. யாரோ பொறுமையாக அழுத்துகிறார்கள்.

கையை வெடுக்கென்று எடுத்தேன்.

டுக் மூன்றும் நின்றுவிட்டது. நான்காவது நிற்கவில்லை.

டிங்... டிங்... டிங்...

ஹோல்ட் விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. அழுத்திக்கொண்டு ஆள் இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். கீ கீழேயே இருக்கிறது. அதன்மேல் எதுவும் இல்லை.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். புத்தி உள்ளவன் ஓடியிருப்பான். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது பயம் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள். பொறாமை வந்தது. ஓஹோ, இதுதானா? இரண்டு வருஷமாக இவன் திறமை என்று ஊரே கொண்டாடியது இதைத்தானா? அது எப்படி அவனிடம் மட்டும் வரலாம்? நானும்தான் அதே அறையில், அதே நாற்காலியில், அவனுக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஏன் வரவில்லை? எனக்கு என்ன குறை?

ரெக்கார்ட் பட்டனைத் தட்டினேன். மூன்று விரலையும் திரும்ப வைத்தேன்.

டுக். டுக். டுக்... டிங்.

அடடா. அவ்வளவு அழகு. அவனுக்கு வாசித்ததைவிட அழகு. நான் ஸ்வரத்தை மாற்றினால் அதுவும் கூடவே மாறியது. நான் தயங்கினால் அதுவும் தயங்கியது. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்போதுதான் வாயைத் திறந்து அதைச் சொன்னேன்.

"அவன வுட்டுட்டு எங்கிட்ட வந்துடு."

சத்தம் நின்றது.

மூன்று விரலும் கீழேதான் இருந்தன. அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் நின்றது.

என் நடுவிரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில்... ஜில்லென்று... ஏதோ நுழைந்தது.

ஈரத்துணி மாதிரி. ஆனால் உள்ளே எலும்பு இருந்தது.

அது என் மோதிர விரலை அடியிலிருந்து பிடித்தது.

தூக்கியது.

நான் கீழே இழுத்தேன்.

அது விடவில்லை.

இடது கையால் தடவிப் பிளக்கைப் பிடுங்கினேன். சின்தசைசர் செத்தது. அதன் விளக்கெல்லாம் அணைந்தது.

அந்தக் கீ மட்டும்... இன்னும் கீழேயே இருந்தது.

மெதுவாக...

மெதுவாக... மேலே வந்தது.

பிறகு மேஜைக்கு அடியிலிருந்து, என் முழங்காலுக்குப் பக்கத்தில்:

டொக்.

டொக்.

டொக்.

...

நான்காவதற்கு நான் காத்திருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வெளியே நல்ல வெயில். வாட்ச்மேன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டில் யாரோ இட்லி மாவு அரைக்கிற சத்தம். என் சட்டை முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ரெக்கார்டிங் கம்ப்யூட்டரில் இருந்தது. மறுநாள் காலையில் பிரபு சார் அதைக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். "பாலு, நீயா இது?" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? "நான்தான் சார்" என்றேன். சீட் எனக்குக் கிடைத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சஃப்வான் வந்தான். ஓடி வந்து கட்டிப்பிடித்தான். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். தோற்றவன் நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"தேங்க்ஸ் மச்சி" என்றான். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பிரியாணி. எனக்குக் கொடுத்துவிட்டு அவனும் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஐந்து விரலாலும் அள்ளிச் சாப்பிட்டான். ஆசை ஆசையாக.

அன்று இரவு அம்மா சோறு போட்டு ரசம் ஊற்றினாள். பிசைந்தேன். அம்மா என் கையையே பார்த்தாள்.

"இன்னா நைனா, சோத்த இப்டி அள்ற?"

என் மோதிர விரல் தட்டில் இறங்கவில்லை. விறைப்பாக மேலே நின்றது.

தி.நகரில் ஒரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்-ரே எடுத்தார். எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். விரலைப் பிடித்து அழுத்தினார். இறங்கியது. விட்டார். மேலே வந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். இந்தத் தடவை அவர் முகம் மாறியது. "நீங்க இழுக்கறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கையை எடுத்துக்கொண்டார். மருந்து எதுவும் எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்து அம்மா காலையில் கேட்டாள்.

"ராவெல்லாம் உன் கட்டிலாண்ட டொக்கு டொக்குன்னு தட்டிக்கினே கீது. இன்னா அது?"

"எலியா இருக்கும்மா."

"எலி எங்கனா கணக்கா தட்டுமா? மூணு தட்டிட்டு, ஒண்ணு தள்ளித் தட்டுது."

சஃப்வானுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கச்சேரி ரோட்டுக்குப் போனேன். கடையில் சோபாத் துணியை வெட்டிக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் பின்பக்கமாகப் போய்விட்டான். இனி கீபோர்டைத் தொட மாட்டானாம், அவன் அப்பாதான் சொன்னார்.

சீரிஸ் வெளியானது. என் பெயர் வந்தது. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பினாள். நான் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஸ்டுடியோவில் நான் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பிரபு சார் சிரித்தார். "சஃப்வான் மாதிரியே நீயும் விரலைத் தூக்கற. அவனுக்கு முன்னாடி இங்க வாசிச்ச மெஹக்கும் இப்படித்தான். இந்த ரூம் ராசி போல."

மெஹக் உயிரோடு இருக்கிறார். அசோக் நகரில் பிறந்தநாள் கேக் செய்து விற்கிறார். நம்பர் வாங்கி அன்றைக்கே பேசினேன். நான் யார் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"சஃப்வானை விட்டுப் போயிடுச்சா?"

என் விரலைப் பார்த்துக்கொண்டேன். அவரே பேசினார்.

"பாவம், அவனுக்கு ரெண்டு வருஷம். எனக்கு சீக்கிரம் போயிடுச்சு. அவன் நல்ல பையன்ல, அவன்மேல யாருக்கும் பொறாமையே வரல."

"அக்கா... அது எப்டிக்கா போவும்?"

"உன்னைப் பார்த்து ஒருத்தன் வயிறு எரியணும். எரிஞ்சு, உன்னை மாதிரியே விரலைத் தூக்கணும். அவனா தூக்கணும். நீ சொல்லிக் குடுத்தா வராது."

"யாருக்கா அது?"

"தெரியாது. எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் தெரியாது."

"அவரு எங்க கீறாரு?"

மெஹக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் தப்பிச்சுட்டார். அவருக்கு முன்னாடி ஒருத்தர். அவர்மேல பொறாமைப்பட ரொம்ப நாள் ஆள் கிடைக்கல. மோதிர விரலுக்கு அப்புறம் சுண்டு விரல். அப்புறம் கை. கடைசில அவர் பேசும்போது... மூணு வார்த்தை அவர் பேசுவாராம். நாலாவதை வேற யாரோ பேசுவாங்களாம். அவர் வாயிலேயே."

போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை.

இதை இடது கையால் டைப் செய்கிறேன். இன்று காலை பல் தேய்க்கும்போது சுண்டு விரலும் எழுந்துகொண்டது.

சற்று முன் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"யார்கூட நைனா பேசிக்கினு கீற? ரெண்டு கொரலு கேக்குது."

நான் பேசவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். என் பேட்டர்ன் மாதிரி ஒன்று இந்த ஊரில் வேறு யாராலும் போட முடியாது. பிரபு சாருக்கு அடுத்து ஒரு படம் வந்திருக்கிறது, அதுவும் எனக்குத்தான். தியேட்டரில், அவ்வளவு பெரிய திரையில், என் பெயர் தனியாக வரும். உங்களில் வருஷக்கணக்காகக் கீபோர்டு வாசிக்கிறவர்களைக் கேட்கிறேன். என்ன வந்தது உங்களுக்கு? நான் எப்படி வாசிக்கிறேன் என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்றே மூன்று.

வயிறு எரிகிறதா?

இன்னும் கொஞ்சம்...